தகரத்தில் ஓட்டை எங்கே? நாற்பதாயிரமாம் ஆண்டுப் போர்க்கதையின் கணக்கு வழக்கு

2024 செப்டம்பரில் ‘ஸ்பேஸ் மரீன் 2’ என்ற கணினி விளையாட்டு வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு செய்தி வந்தது. அந்த விளையாட்டுக்கு மூலமான ‘வார்ஹேமர் 40,000’ கதையைத் திரைக்குக் கொண்டுவர அமேசானும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும் இறுதி உடன்பாட்டுக்கு வந்துவிட்டன என்பதே அது. இதற்குப் பிறகு கதைக்குள் புதிதாக நுழைந்தவர்களுக்குத் தலை சுற்றுகிறது. கதையில் ஓட்டை மேல் ஓட்டை என்கிறார் ஒருவர். அது ஓட்டையே இல்லை, உனக்குக் கதை தெரியாது என்கிறார் மற்றவர். நிறுவனம் பழைய கதையைத் திருத்திவிட்டது என்று மூன்றாமவர் கோபப்படுகிறார்.

மூவரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. உதாரணங்களைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ரயில் பாதை, தேயிலை ஸ்டோர், பேர் பதியும் செக்ரோல் என்று பழகிய மலையக வாசகருக்கு, ஒரு பேரரசு எப்படிச் சாப்பிடும், எப்படிக் கணக்கெழுதும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அடிப்படை

போர் விளையாட்டு என்பது மேசை மேல் ஆடுவது. விரல் உயரச் சிற்றுருவங்களைப் படையாக நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வி பார்ப்பார்கள். ரிக் பிரீஸ்ட்லி எழுதிய வார்ஹேமர் 40,000 இன் முதல் விதிநூலை இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987 இல் வெளியிட்டது. நாவல்களும் கணினி விளையாட்டுகளும் பின்னால் வந்தவை. முதலில் இருந்தது மேசைதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை இதுதான். இன்னும் முப்பத்தெட்டாயிரம் ஆண்டுகள் கழித்து மனிதர்களுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கிரகங்கள் கொண்ட ஒரு பேரரசு இருக்கிறது. அதன் பேரரசர் பத்தாயிரம் ஆண்டுகளாகச் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் ஒரு பொற்சிம்மாசனத்தில் கிடக்கிறார். கிரகங்களுக்கிடையே போக வேண்டுமானால் ‘வார்ப்’ என்ற பேய்வெளிக்குள் புகுந்து வெளிவர வேண்டும். அதற்குள் காலம் ஒழுங்காக ஓடாது. ஒரு மாதத்தில் சேர வேண்டிய கப்பல் பத்து வருடம் கழித்தும் வரலாம், வராமலே போகலாம். நாலாபக்கமும் எதிரிகள். போர் ஓய்வதே இல்லை.

எது ஓட்டை, எது ஓட்டையில்லை

லயத்துக் கூரையில் மழை ஒழுகும்போது சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் பெரும்பாலும் ஓட்டை தெரியாது. தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கமாக ஓடி வந்து வேறோர் இடத்தில் சொட்டும். ஓட்டை மேட்டுப் பக்கம், இரண்டு ஆணி தள்ளி இருக்கும். கதையிலும் இப்படித்தான். அதனால் முதலில் பெயர்களைச் சரியாக வைத்துக்கொள்வோம்.

1. கதை ஓட்டை: கதை தானே போட்ட விதியைத் தானே மீறுவது. வார்ப் பயணத்தை நம்ப முடியாது என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டு, இன்னோர் இடத்தில் கப்பல்கள் பஸ் மாதிரி நேரத்துக்கு வந்தால் அது ஓட்டை.

2. நம்பகக் குறை: விதி மீறல் இல்லை, ஆனால் அளவு பொருந்தவில்லை. மனம் ‘இது நடக்காதே’ என்கிறது.

3. சொல்லாமல் விட்டது: காரணம் இருக்கலாம், யாரும் எழுதவில்லை. இதை ஓட்டை என்பது அநியாயம்.

4. பின்திருத்தம்: முன்பு எழுதியதை மாற்றிவிட்டு, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்று சொல்வது.

பேய்கள் உண்டு, தேவர் போன்ற பேரரசர் உண்டு என்பதெல்லாம் இந்த நான்கிலும் வராது. கதை கேட்க உட்காரும்போது அவற்றை ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். மாடசாமி வேட்டைக்குப் போகிற கதையைக் கேட்கும்போது யாரும் மாடசாமியைச் சந்தேகிப்பதில்லை. வேட்டைக்குப் போனவர் எந்தப் பக்கமாகத் திரும்பினார் என்று மாறிச் சொன்னால்தான் தாத்தாவை நிறுத்திக் கேட்போம்.

துப்பாக்கி எட்டும் தூரம் முப்பது நிரை

மேசையை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்க்கலாம். சாதாரண மனித உருவம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரம். அப்படியானால் அது உண்மை மனிதனில் அறுபதில் ஒரு பங்கு. கதையின் பேர்பெற்ற ஆயுதமான போல்ட் துப்பாக்கி மேசையில் 24 அங்குலம் எட்டும். அறுபதால் பெருக்கினால் 1,440 அங்குலம், அதாவது 120 அடி. தேயிலை மலையில் நிரைக்கு நிரை 4 அடி என்று வைத்தால் 30 நிரை. ஒரு மலையின் இந்த ஓரத்தில் நின்று சத்தம் போட்டால் அந்த ஓரத்தில் கொழுந்து பறிப்பவருக்குக் கேட்கும். நாற்பதாயிரமாம் ஆண்டின் துப்பாக்கிக் குண்டு பாதித் தூரம்கூடப் போகாது!

இந்தக் குறை இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1984 இல் அமெரிக்காவில் பிறந்த ‘பாட்டில்டெக்’ விளையாட்டில் இராட்சத எந்திரங்கள் சண்டை போடும். அதில் வரைபடத்தின் ஓர் அறுகோணம் 30 மீற்றர். இயந்திரத் துப்பாக்கி எட்டுவது மூன்று அறுகோணம், ஆக 90 மீற்றர். இன்றைய காலாட்படைத் துப்பாக்கியே பல நூறு மீற்றர் சுடும்.

ஓட்டை எங்கே? கதையில் இல்லை, மேசையில். உண்மைத் தூரத்தைக் கொடுத்தால் குண்டு மேசையைத் தாண்டி, அறையைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்விடும். பிறகு ஆட்டமே இல்லை. வாளோடு ஓடிவந்து வெட்டும் வீரர்களை நிறுவனம் விற்கிறது. அவர்கள் எதிரியை எட்டுவதற்குள் செத்துவிழுந்தால் யார் வாங்குவார்கள்? எனவே துப்பாக்கி குட்டையாகிறது. குட்டைத் துப்பாக்கிக்குப் பொருந்தக் கதையில் எல்லோரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள்.

இதே காரணத்தால்தான் இரு தரப்பும் எப்போதும் சம பலத்தோடு வருகின்றன. வழக்கமான ஆட்டத்தில் இரண்டு பக்கமும் 2,000 புள்ளிக்குப் படை கட்ட வேண்டும். உண்மைப் போரில் எந்தத் தளபதியும் எதிரிக்குச் சமமாக ஆள் கொண்டுவர மாட்டான். மூன்று மடங்கு கொண்டுவரப் பார்ப்பான்.

கிரகத்துக்கு ஒருவர்

ஸ்பேஸ் மரீன்கள் என்போர் உடல் மாற்றியமைக்கப்பட்ட மாவீரர்கள். சுமார் ஆயிரம் அணிகள், அணிக்கு ஆயிரம் பேர் என்பது கதையின் பழைய கணக்கு. பெருக்கினால் 10 லட்சம். கிரகங்களும் 10 லட்சம். ஆக ஒரு முழுக் கிரகத்துக்கு ஒரே ஒரு வீரர்.

இலங்கை சிறிய தீவு. அதிலேயே 14,000 க்கு மேல் கிராம சேவகர் பிரிவுகள் இருக்கின்றன. நம் கிராம சேவகருக்கு ஒரு பிரிவுதான் பொறுப்பு, அதற்கே அவரைக் கையோடு பிடிப்பது கஷ்டம். அங்கே ஒரு மாவீரருக்கு ஒரு கிரகம்!

இதற்கு ரசிகர்கள் சொல்லும் பதிலில் நியாயம் உண்டு. மாவீரர்கள் சிறப்புப் படை, மண்ணைப் பிடித்து வைத்திருப்பது கோடிக்கணக்கான சாதாரணச் சிப்பாய்கள். சரி, அதை ஏற்கலாம். ஆனால் அதே கதைகளில் ஒரு கிரகத்தின் போரை நூறு மாவீரர்கள் முடித்துவைக்கிறார்கள், ஓர் அணி பாதி அழிகிறது, அடுத்த கதையில் மறுபடி நிறைந்து நிற்கிறது. அங்கேதான் இடிக்கிறது.

எழுதியவர் பெரிதென்று நினைத்துப் போட்ட எண் சிறிதாகிப் போன இன்னோர் இடம் உண்டு. பேரரசரை உயிரோடு வைத்திருக்க நாள்தோறும் ஆயிரம் பேரின் ஆன்ம பலம் பலியாகிறது. கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும் எண்தான். ஆனால் 10 லட்சம் கிரகங்களுக்குப் பங்கிட்டால் ஒரு கிரகம் ஆயிரம் நாளைக்கு ஒருமுறை ஒருவரைக் கொடுத்தால் போதும். அப்படிப்பட்ட கிரகத்தில் பெரும்பாலானோர் அதைக் கேள்விப்படவே மாட்டார்கள்.

இப்படி வழுக்குவதற்குக் காரணம் எளிது. ‘ஆயிரம்’, ‘பத்தாயிரம்’, ‘பத்து லட்சம்’ எல்லாம் எழுத்தாளருக்கு ஒரே அர்த்தம்: நிறைய. மாலையில் தராசுக்கு முன்னால் நிற்கும் பெண்ணிடம் இது செல்லாது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவைக் கழிக்கும்போது முள் எங்கே நின்றது என்று அவள் கண்ணால் பிடித்திருப்பாள். குறித்த கிலோவுக்கு ஒன்று குறைந்தாலும் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

மா கப்பல் எப்போது வரும்?

என் கணிப்பில் இந்தக் கதையின் நிஜமான ஓட்டை சோற்றில்தான் இருக்கிறது.

பேரரசில் ‘கூட்டு நகரக் கிரகங்கள்’ என்று ஒரு வகை. வானளாவிய கோபுரங்களில் நூற்றுக்கணக்கான கோடிப் பேர் அடைந்து கிடந்து ஆயுதம் செய்வார்கள். அங்கே விளைச்சல் இல்லை. ‘வேளாண் கிரகங்கள்’ என்று இன்னொரு வகை. கிரகம் முழுக்க ஒரே பயிர், அறுத்து அனுப்புவதே வேலை. இரண்டையும் இணைப்பது கப்பல்.

ஒரு கூட்டு நகரக் கிரகத்தில் 1,000 கோடிப் பேர் என்று வைப்போம். ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ தானியம். ஒரு நாளைக்கு 500 கோடி கிலோ. இலங்கை முழுவதும் ஓர் ஆண்டில் உற்பத்தி செய்யும் தேயிலைத் தூள் ஏறத்தாழ 25 கோடி கிலோ. அதாவது நம் நாட்டின் 20 வருடத் தேயிலையின் எடையை அந்தக் கிரகம் ஒரே நாளில் தின்றுவிடும். மறுநாளும் தின்னும்.

இது மட்டுமானால் ‘பெரிய கப்பல்’ என்று சொல்லித் தப்பலாம். இங்கேதான் கதை தன் சொந்த விதியில் மாட்டிக்கொள்கிறது:

1. வார்ப் வழியாக வரும் கப்பல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது கதையின் அடித்தள விதி.

2. கூட்டு நகரம் தினமும் சாப்பிட வேண்டும். இதுவும் கதை சொன்னதுதான்.

3. இரண்டும் உண்மையானால், பல வருடத்துக்கான களஞ்சியம் ஒவ்வொரு கிரகத்திலும் இருக்க வேண்டும். அதைக் கதை காட்டுவதில்லை.

2017 இல் இது இன்னும் மோசமானது. அந்த ஆண்டு கதையில் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு மாபெரும் பிளவு திறந்தது. பேரரசின் பாதி, வார்ப்பில் கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒளி தெரியாமல் இருளில் விழுந்தது. அந்தப் பாதியில் இருந்த கூட்டு நகரங்கள் சில மாதங்களில் பட்டினியால் வெறிச்சோடியிருக்க வேண்டும். ஆனால் அவை இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கின்றன.

இதற்குக் கதை போடும் ஒட்டு, பிணமாவு. செத்தவர்களை அரைத்து உணவாக்குகிறார்களாம். அருவருப்பு ஊட்டுவதற்கு நல்ல உத்திதான், கணக்குக்கு உதவாது. நாளைக்கு அரைக் கிலோ என்றால் அறுபது வருடத்தில் ஒருவர் உண்பது ஏறத்தாழ 11,000 கிலோ. அவர் செத்தால் கிடைப்பது 60 கிலோ உடல், அதிலும் பெரும்பகுதி தண்ணீர்.

ஒரே பயிர்க் கிரகம் என்பதையே சிலர் நம்ப மறுக்கிறார்கள். அங்கே நான் கதையின் பக்கம். நாம் நிற்கும் மலைகளே அதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே மலை மலையாகக் கோப்பி. 1869 இல் இலைத்துரு நோய் தெரிந்தது, இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நானுஓயாவுக்கு 1885 இலும் பதுளைக்கு 1924 இலும் ரயில் வந்தது. இறங்கியது தேயிலை, ஏறியது அரிசி. விளைவிக்கும் நிலம் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளவில்லை. உழைத்தவர்களின் சோறு பெருமளவு பர்மாவிலிருந்து வந்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இலங்கை முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு, பங்கீடு.

இதைத்தான் கதை எழுதுபவர்கள் தவறவிட்டார்கள். ஒரு நோய் வந்தால் வேளாண் கிரகம் என்னவாகும்? அங்கே வேலை செய்பவர்களின் சாப்பாடு எந்தக் கிரகத்திலிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினால் எத்தனையோ நல்ல கதைகள் கிடைக்கும். ஆனால் மேசையில் அரிசி மூட்டைக்குச் சிற்றுருவம் விற்க முடியாதே!

பின்திருத்தம்: எது குற்றம், எது பராமரிப்பு

முப்பது வருடமாக இந்தக் கதையின் கடிகாரம் நாற்பத்தோராவது ஆயிரத்தாண்டின் கடைசி நிமிடங்களிலேயே நின்றது. யாரும் வெல்லக் கூடாது, யாரும் அழியக் கூடாது. வென்றால் தோற்ற படையை வாங்கியவர் என்ன செய்வார்? நகராத கதைக்குள் புதுப்பொருள் விற்க ஒரே வழி, பழையதைத் திருத்துவது. சில உதாரணங்கள்:

நெக்ரான்கள் என்ற எந்திர எலும்புக்கூடுகள் முதலில் வாய்பேசாத அடிமைகள். 2011 இல் அவர்களுக்கு அரச வம்சங்களும் ஆணவமும் பகைகளும் வந்தன. பழைய கதையில் அவர்களை ஆட்டிவைத்த தெய்வங்களை அவர்களே உடைத்துச் சிறைவைத்ததாக வரலாறு மாறியது. திருத்தம்தான், ஆனால் கதைக்கு உயிர் வந்தது.

ஸ்குவாட் என்ற குள்ளர்கள் தொண்ணூறுகளில் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார்கள். 2022 இல் வேறு பெயரோடு திரும்பி வந்தார்கள். இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை.

2017 இல் வந்த ப்ரைமாரிஸ் வீரர்கள் கதை வேறு. பழையவர்களைவிட உயரமான, பலமான புது மாவீரர்கள். பெலிசாரியஸ் காவ்ல் என்ற அறிஞர் செவ்வாய்க் கிரகத்தில் பத்தாயிரம் வருடமாக இரகசியமாக அவர்களை உருவாக்கினாராம். புதுமை செய்வதே மதக்குற்றம் என்று அதே கதை அந்த அறிஞர் குலத்தைப் பற்றி முப்பது வருடமாகச் சொல்லிவந்தது. இது உண்மையான ஓட்டை. சொட்டு கதையில் விழுகிறது, ஓட்டை விற்பனைப் பிரிவில். பழைய சிற்றுருவங்கள் குட்டையாக இருந்தன, பெரிய உருவங்கள் விற்க வேண்டியிருந்தது.

2024 ஏப்ரலில் பேரரசரின் மெய்க்காவல் படையில் ஒரு பெண் வீராங்கனை கதையில் வந்தார். எப்போதும் இருந்தார்கள் என்றது நிறுவனம். முந்தைய எழுத்துகள் உயர்குலத்து மகன்களையே பேசியிருந்ததால் பெரிய கூச்சல். மேலே சொன்ன நான்கு வகைகளுள் இது வெறும் பின்திருத்தம். பெண் வந்ததால் கதையில் எந்த நிகழ்ச்சியும் உடையவில்லை. இடித்தது ‘எப்போதும்’ என்ற ஒரு சொல்தான். ‘இனி’ என்று ஒரு சிறுகதை எழுதியிருந்தால் பாதிக் கூச்சல் அடங்கியிருக்கும். மீதிக் கூச்சலுக்குக் கதையோடு சம்பந்தமில்லை.

நம்ப முடியாதது என்று மற்றவர்கள் சொல்லும் இடம்

வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் சிரிக்கும் ஒரு பகுதி உண்டு. பேரரசின் நிர்வாகம். கோடிக்கணக்கான எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோப்பு எழுதுகிறார்கள். ஒரு தவறான பதிவால் ஒரு கிரகமே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது. வரி கேட்டு வரும் கடிதம், அனுப்பியவரின் பேரன் காலத்தில் சேர்கிறது. இதெல்லாம் மிகைப்படுத்தல் என்கிறார்கள்.

மலையகத்தில் இதைப் படிப்பவருக்கு இது மிகையாகத் தெரியாது. 1931 முதல் வாக்களித்து, 1947 பொதுத் தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களை, 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குக் கடதாசி காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குக் கடதாசி ஏது? 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். அந்த மீதியை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது 1974 இல். எஞ்சியோருக்கும் வழி திறந்த சட்டம் 2003 இல்தான் வந்தது.

அந்த எண்களை மறுபடி பாருங்கள். எல்லாம் ஆயிரத்தில் முடியும் முழு எண்கள். ஒரு நாவலில் இப்படி எழுதினால், மனிதர்களை இப்படி வட்டமாக யார் பிரிப்பார்கள், நம்பும்படி எழுது என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

தப்பிக்கும் வழிகள்

ரசிகர்கள் ஓட்டையடைக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, எல்லாம் பேரரசின் பிரசாரம், எழுதியவர் பொய் சொல்கிறார் என்பது. பல நூல்கள் கதைக்குள்ளிருக்கும் ஆவணம் போலவே எழுதப்பட்டிருப்பதால் இதற்கு இடமுண்டு. துரையின் குறிப்பேடும் தோட்டத்துப் பாட்டும் ஒரே வருடத்தை இரண்டு விதமாகச் சொல்லும், அதில் தவறில்லை. ஆனால் ஆட்டவிதி பிரசாரம் இல்லை. பொய் சொல்கிறவர் யார், ஏன் என்று கதை ஓரிடத்திலாவது காட்டினால்தான் இந்தப் பதில் செல்லும். எல்லா ஓட்டைக்கும் இதையே வைத்து அடைத்தால், கதையில் நம்ப ஒன்றும் மிஞ்சாது.

மற்றது ஓர்க் என்ற பச்சை முரடர்களுக்கு மட்டும் உரியது. அவர்கள் நம்பினால் எந்திரம் ஓடும். சிவப்புப் பூசினால் வண்டி வேகமாகப் போகும் என்று நம்புகிறார்கள், போகிறது. ஓட்டையையே விதியாக்கிய கெட்டிக்காரத்தனம் இது. முழுக் கதையிலும் உறுத்தாத பகுதி எதுவென்றால் இதைத்தான் காட்டுவேன்.

திரைக்கு வரும்போது

திரையில் அளவுநாடா இல்லை. 24 அங்குலக் கட்டாயம் இல்லை, 2,000 புள்ளிச் சமநிலை இல்லை. மேசையால் வந்த ஓட்டைகளைத் தொடராக எடுப்பவர்கள் நினைத்தால் அடைக்கலாம். எண்ணால் வந்தவற்றை வசனத்தில் எண்ணே சொல்லாமல் கடந்துவிடலாம், பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். விற்பனையால் வந்தவை அப்படியே இருக்கும். ஏனென்றால் உரிமை கேம்ஸ் வொர்க்‌ஷாப்பிடம் இருக்கிறது, தொடரில் தெரிகிற உருவம் கடையில் கிடைக்க வேண்டும்.

சோற்றுக் கணக்குக்கு மட்டும் ஒரு காட்சி போதும். கூட்டு நகரத்தின் அடித்தட்டில் பங்கீட்டு வரிசை. கப்பல் வந்து எத்தனை நாளாயிற்று என்று சுவரில் யாரோ கரியால் கோடு போட்டு வருகிறார்கள். கேமரா அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே போகட்டும்.